பிளிட்ஸில் உங்கள் பலம் எது, ஓட்டை எது: 50 ஆட்டங்களை வைத்து நீங்களே கணக்கெடுக்கும் முறை

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை ஒன்று இருக்கிறது. ஞாயிறு மாலை அங்கே நாலைந்து பேர் கூடுவோம். வருகிற தம்பிமார் எல்லாரும் இணையத்தில் நன்றாக ஆடுகிறவர்கள், லிச்செஸ் என்ற சதுரங்கத் தளத்தில் பிளிட்ஸ் (சில நிமிடமே கொடுக்கும் அதிவேக ஆட்டம்) ரேட்டிங், அதாவது திறன் புள்ளி, 2000ஐ ஒட்டி உள்ளவர்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "ஏன் அண்ணே இதுக்கு மேல ஏறமாட்டேங்குது?" பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "ஓப்பனிங் வீக் அண்ணே."

உட்கார்ந்து கணக்கெடுத்தால் பெரும்பாலும் ஓப்பனிங், அதாவது தொடக்க நகர்வுகள், காரணம் அல்ல. அந்தக் கணக்கை எடுக்கும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டு மாலைகளும் ஒரு ஞாயிறும் போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் கடிகாரம், அப்புறம் உங்கள் நினைவு, கடைசியில் எஞ்சின், அதாவது நகர்வுகளை அலசும் கணினி நிரல்.

1. தொடங்குமுன் தேவையானவை

ஒரே தளத்தில், ஒரே நேர அளவில், கடைசியாக ஆடிய 50 ரேட்டட் (ரேட்டிங்கில் கணக்காகும்) ஆட்டங்கள் வேண்டும். மூன்று நிமிட ஆட்டத்தையும், நகர்வுக்கு இரண்டு விநாடி கூடும் மூன்று நிமிட ஆட்டத்தையும் கலக்காதீர்கள். லிச்செஸ் தொடக்க நேரத்தோடு கூடும் விநாடியின் நாற்பது மடங்கைச் சேர்த்துத்தான் ஆட்டத்தை வகைப்படுத்துகிறது. அந்தக் கணக்கில் முதலாவது 180 விநாடி, இரண்டாவது 260 விநாடி. இரண்டுக்கும் பெயர் பிளிட்ஸ்தான். ஆனால் முதலாவதில் வென்ற நிலையிலும் நேரம் தீர்ந்து தோற்கலாம், இரண்டாவதில் அது அரிது. ஓட்டைகளே வேறு வேறாக இருக்கும்.

நேரில் பிளிட்ஸ் போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் இரண்டு விநாடி கூடும் ஆட்டங்களையே எடுங்கள். உலக பிளிட்ஸ் போட்டியும் அந்த அளவில்தான் நடக்கிறது.

ஆட்டங்களைப் பிஜிஎன் (நகர்வுகளைப் பதிந்துவைக்கும் உரைக் கோப்பு) வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் மீதி நேரம் பதிவாகியிருக்கும். அதுதான் நமக்கு முக்கியம். ஒரு நோட்டுப் புத்தகமும், முடிந்தால் உண்மையான பலகை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் இங்கேயே ஒரு தவறு செய்வார்கள். மனதில் நிற்கிற ஆட்டங்களைப் பொறுக்கி எடுப்பார்கள். மனதில் நிற்பது நாம் அழகாக வென்றதும் அநியாயமாகத் தோற்றதும் மட்டுமே. சாதாரணமாகத் தோற்ற ஆட்டங்களில்தான் ஓட்டை ஒளிந்திருக்கும். ஆகவே கடைசி 50ஐ விடாமல் வரிசையாக எடுங்கள்.

2. கழிக்க வேண்டிய ஆட்டங்கள்

பத்து நகர்வுக்குள் எதிராளி ஓடிவிட்ட ஆட்டம், இணைப்பு அறுந்த ஆட்டம் இரண்டையும் கழித்துவிடுங்கள். ரேட்டிங் வித்தியாசம் 200க்கு மேல் இருப்பதையும் தள்ளி வையுங்கள். எலோ என்ற ரேட்டிங் கணக்குப்படி 200 ரேட்டிங் புள்ளி மேலே இருப்பவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுக்க வேண்டும். எடுத்தால் அது எதிர்பார்த்ததுதான், பலத்துக்குச் சான்றாகாது.

எம்ஆர்டி ரயிலில் ஆடியவற்றுக்கு ஒரு தனிக் குறி போடுங்கள். பீஷான் தாண்டி ரயில் பூமிக்கடியில் இறங்கும் நேரத்தில் சிக்னல் தடுமாறினால், தளம் ஓரளவுதான் ஈடுகட்டும். இணைப்பே போனால் கடிகாரம் உங்களுக்காக நிற்காது. அதைவிட முக்கியமாக, நின்றுகொண்டு ஒற்றைக் கையால் ஆடும்போது உங்கள் ஆட்டமே வேறு. ஒரு தம்பிக்கு வீட்டு ஆட்டத்தையும் ரயில் ஆட்டத்தையும் பிரித்ததோடு பாதிப் புதிர் விடுபட்டது.

3. முதலில் கடிகாரத்தைப் படியுங்கள்

பலகையைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நான்கே எண்களை எழுதுங்கள்: 10, 20, 30ஆம் நகர்வுகளில் உங்களிடம் மீதியிருந்த விநாடிகள், அப்புறம் அந்த ஆட்டத்தில் நீங்கள் மிக நீளமாக யோசித்த நகர்வு எது, எத்தனை விநாடி.

ஏன் இது முதலில்? பலகையைப் பார்த்த உடனே மனசு கதை கட்டத் தொடங்கிவிடும்: "இங்கே குதிரையை இப்படி வைத்திருக்க வேண்டும்." கடிகார எண்ணில் கதை கட்ட இடமில்லை.

கூடும் விநாடி இல்லாத மூன்று நிமிட ஆட்டத்தில் 180 விநாடியை நாற்பது நகர்வுக்குப் பிரித்தால் நகர்வுக்கு நாலரை விநாடி. என் கைக்கணக்கு இது: 10ஆவது நகர்வில் 160, 20ஆவதில் 110, 30ஆவதில் 65. இது ஒரு அளவுகோல் மட்டுமே. உங்கள் எண் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே இடத்தில் சரிகிறதா என்று பாருங்கள்.

பலருக்கு 10ஆவது நகர்வு வரை அருமையாக இருக்கும். 12க்கும் 18க்கும் நடுவில் திடீரென்று ஒரு பள்ளம். மனப்பாடம் முடிந்து சொந்தமாக யோசிக்க வேண்டிய முதல் இடம் அது. அங்கே 30, 35 விநாடி போய்விடும்.

இனி அந்த நீள யோசனைகளை மட்டும் பலகையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: ஐந்து விநாடியில் ஆடியிருந்தால் வேறு நகர்வை ஆடியிருப்பேனா? பெரும்பாலும் முதலில் தோன்றியதையே ஆடியிருப்பீர்கள். முப்பது விநாடியும் பயத்துக்குக் கொடுத்த வாடகை. உண்மையில் கணக்குப் போட வேண்டிய இடத்தில் செலவழித்த நேரம் வீணல்ல, அதற்குத் தனிக் குறி போடுங்கள்.

இங்கே நடக்கிற தவறு, சராசரி நேரத்தைப் பார்த்துத் திருப்திப்படுவது. சராசரி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும். வேறுபடுவது செலவழித்த இடம்.

4. தோல்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி

எஞ்சின் இன்னும் மூடியே இருக்கட்டும். தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். "இதுவரை தாக்குப்பிடித்திருக்கலாம், இதற்கு மேல் முடியாது" என்று நீங்கள் நினைக்கும் நகர்வின் எண்ணை எழுதுங்கள். அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். "ராணி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பின்வரிசையைப் பார்க்கவில்லை." "அவன் வேகமாக ஆடினான், நானும் வேகமாக ஆடினேன்." இப்படி. ஞாபகமில்லை என்றால் "ஞாபகமில்லை" என்றே எழுதுங்கள், ஜோடிக்காதீர்கள்.

எஞ்சின் எது தவறு என்று சொல்லும். ஏன் அந்தத் தவறைச் செய்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. முதலில் அதைத் திறந்துவிட்டால் அது சொன்ன காரணத்தையே உங்கள் காரணமாக எழுதிவிடுவீர்கள்.

பிறகு தோல்விகளை ஐந்து கூடைகளில் போடுங்கள். வென்ற நிலையில் நேரம் தீர்ந்தது, சம நிலையில் நேரம் தீர்ந்தது, ஒற்றை நகர்வில் காயை விட்டது, மெல்ல மெல்ல நசுங்கியது, ஓப்பனிங்கிலேயே கவிழ்ந்தது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பியின் கணக்கைச் சொல்கிறேன். கழித்தது போக 41 ஆட்டம், அதில் 19 தோல்வி. வென்ற நிலையில் நேரம் தீர்ந்தது 5, சம நிலையில் 3, ஒற்றை நகர்வுப் பிழை 6, நசுங்கியது 3, ஓப்பனிங் 2. இதோடு நிறுத்தியிருந்தால் "பிளண்டர்தான் என் பிரச்சினை" என்று போயிருப்பார். அந்த ஆறு பிழைகளையும் கடிகாரத் தாளோடு சேர்த்துப் பார்த்தோம். நான்கு, இருபது விநாடிக்குள் மீதியிருந்தபோது நடந்தவை. ஆக 19இல் 12 கடிகாரம் செய்த வேலை. ஓப்பனிங் என்று சொல்லிக்கொண்டு வந்தவருக்கு ஓப்பனிங்கால் போனது இரண்டே ஆட்டம்.

வென்ற நிலையில் நேரம் தீர்ந்த கூடை பெரிதாக இருந்தால் ஒரு விதியை இப்போதே மனதில் வையுங்கள். உங்கள் நேரம் தீர்ந்தாலும் எதிராளியிடம் ராஜா மட்டுமே மிஞ்சியிருந்தால் ஆட்டம் டிரா. அதனால் ஐந்து விநாடி இருக்கும்போது செக்மேட்டைத் துரத்துவதைவிட அவருடைய கடைசிச் சிப்பாயைத் தின்பது மேல். அரைப் புள்ளி உறுதி. வேகமாக ஆடுகிற எத்தனை பேர் இதை மறந்து முழுப் புள்ளியையும் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி மாளாது.

5. இப்போது எஞ்சின், அளவோடு

லிச்செஸில் கணினி அலசல் இலவசம். இன்னொரு தளமான செஸ்.காமில் இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு. தோற்ற ஆட்டங்களுக்கு மட்டும் ஓட்டினால் போதும்.

நீங்கள் குறித்த திருப்புமுனையும் எஞ்சின் காட்டும் திருப்புமுனையும் ஒன்றா? இதை மட்டும் பாருங்கள். ஓரிரு நகர்வு முன்பின் இருந்தால் பரவாயில்லை. நீங்கள் 31 என்று எழுதி, எஞ்சின் 22 என்றால், ஒன்பது நகர்வு நீங்கள் தோற்றுக்கொண்டிருந்தது உங்களுக்கே தெரியவில்லை. என்னைக் கேட்டால் இந்த முழுக் கணக்கிலும் அதிகம் சொல்லித் தரும் எண் இதுதான். இடைவெளி பெரிதாக இருப்பவருக்குக் கணக்குப் போடும் திறனில் குறையிருக்காது. ஆபத்து வருவதை முகர்கிற மூக்கு மந்தம்.

எஞ்சின் நிலையைச் சிப்பாய்க் கணக்கில் ஒரு எண்ணாகச் சொல்லும்; இங்கே கூட்டல் என்றால் உங்களுக்குச் சாதகம், கழித்தல் என்றால் எதிராளிக்கு. அந்த எண்களைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. +9 இலிருந்து +7க்கு இறங்குவதும் +1 இலிருந்து −1க்கு இறங்குவதும் இரண்டு புள்ளிதான். முதலாவதில் ஒன்றும் குடி முழுகாது, இரண்டாவதில் ஆட்டமே கை மாறிவிடும். "துல்லியம் 91 சதவீதம்" என்று தளம் காட்டுவதையும் பெரிதாக எடுக்காதீர்கள். எதிராளி பதினைந்தாவது நகர்வில் ராணியை விட்டால் யாருக்கும் துல்லியம் எகிறும்.

ஓப்பனிங் நகர்வு ஒன்று 0.3 குறைவு என்று எஞ்சின் சொன்னதும் அரை மணி நேரம் அதைத் துருவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளிட்ஸில் அந்த 0.3 எங்கேயும் போய்ச் சேராது.

6. வெற்றிகளை அறுத்துப் பாருங்கள்

பலத்தைக் கண்டுபிடிப்பது பலவீனத்தைவிடக் கஷ்டம். வென்ற ஆட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு வெற்றியிலும் எதிராளி கைவிட்ட அல்லது நேரம் தீர்ந்த நொடியில் நிலை என்ன என்று பாருங்கள். உங்களுக்குச் சாதகமாக இருந்தால் உழைத்த வெற்றி. சமமாகவோ மோசமாகவோ இருந்தால் பிழைத்த வெற்றி. பிழைத்த வெற்றி கேவலமில்லை, கடிகாரமும் பிளிட்ஸில் ஒரு காய்தான். ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் உங்கள் பலம் என்னவென்று தெரியாமலே போகும்.

நன்றாக ஆடும் பிளிட்ஸ் ஆட்டக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது சில பலங்கள். ஒவ்வொன்றோடும் அதன் நிழலும் ஒட்டிக்கொண்டே வரும்.

கை வேகம் உள்ளவர் 20ஆவது நகர்வில் எதிராளியைவிட இருபது, முப்பது விநாடி முன்னால் இருப்பார். நிழல்: வெட்டினால் உடனே திருப்பி வெட்டுவார். நடுவே ஒரு செக் கொடுத்துவிட்டு வெட்டியிருக்கலாம் என்பது கண்ணில் படாது. எதிராளி ஆடுமுன்பே அடுத்த நகர்வைப் போட்டுவைக்கும் பிரீமூவ் இந்தப் பழக்கத்துக்குத் தீனி போடும். லிச்செஸில் பிரீமூவுக்கு நேரமே கழிவதில்லை, செஸ்.காமில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழியும். இரண்டிலும் உண்மையான விலை கண்ணை மூடிக்கொண்டு ஆடுவதுதான்.

தாக்குதல் கண் உள்ளவருக்கு ராஜாவைச் சுற்றி ஓட்டை தெரிந்தால் போதும், யானையைத் தியாகம் செய்தாவது உள்ளே போய்விடுவார். நிழல்: ராணியைப் பரிமாற மனசே வராது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தோற்ற ஆட்டங்களில் ஒரு சிப்பாயாவது அதிகமாக இருந்தபோது ராணிகளை மாற்ற வாய்ப்பு வந்து, நீங்கள் விலகிப்போனது எத்தனை முறை? மூன்றுக்கு மேல் என்றால் உங்கள் பலமே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

தாக்குப்பிடிப்பவர் இன்னொரு ரகம். காய் குறைந்த நிலையிலும் எதிராளியைக் குழப்பிக்கொண்டே இருப்பார், ஏதாவது ஒரு பொறியில் அவரை விழவைப்பார். மதிக்க வேண்டிய திறமைதான். நிழல்: எப்படியும் பிழைத்துக்கொள்ளலாம் என்று முதல் பதினைந்து நகர்வை அலட்சியமாக ஆடுவார்.

பொறி ஓப்பனிங்குகளைப் பலம் என்று எழுதாதீர்கள். அது கடன். ரேட்டிங் ஏற ஏற எதிராளிக்கும் அந்தப் பொறி தெரிந்திருக்கும், அப்போது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

தாளில் பலத்தையும் அதன் நிழலையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். நிழலைத் திருத்தப்போய்ப் பலத்தையே வெட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். கை வேகம் உள்ளவரை எல்லா நகர்வுக்கும் யோசிக்கச் சொன்னால் இரண்டும் கெட்டுப்போகும். காய் வெட்டுப்படும் நகர்வில் மட்டும் ஒரு மூச்சு நிற்கச் சொன்னால் போதும்.

7. ஓப்பனிங், சுருக்கமாக

12ஆவது நகர்வில் இரண்டு கேள்வி: 40 விநாடிக்கு மேல் செலவாகிவிட்டதா? நிலையும் மோசமா? ஒரே ஓப்பனிங்கில் இரண்டுக்கும் ஆமாம் என்று நாலைந்து முறை வந்தால் மட்டும் அந்த ஓப்பனிங்கைத் தொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றால் ஓப்பனிங்கை மாற்ற வேண்டாம், அதிலிருந்து வரும் நடு ஆட்டத்தைப் பழகினால் சரியாகிவிடும்.

8. இறுதி ஆட்டச் சோதனை

எங்கள் மேசைக்கு ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர் ஒருவர் வருவார். தே ஓ (பாலில்லாத தேநீர்) குவளை பக்கத்தில் இருக்கும். இணையத்தில் ஆடியதே இல்லை. தம்பிகளிடம் நடு ஆட்டத்தில் திணறுவார், ஆனால் யானை இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டால் யாராலும் அவரை அசைக்க முடியாது. காரணம் மந்திரமில்லை. நாலைந்து நிலைகள் அவர் விரலிலேயே இருக்கின்றன, யோசிக்க வேண்டியதில்லை.

உங்கள் விரலில் எத்தனை இருக்கின்றன என்று சோதியுங்கள். லிச்செஸில் நிலையை அமைத்துக் கணினியோடு ஆடலாம். ராஜா, ராணியை வைத்துத் தனி ராஜாவை 15 விநாடிக்குள் மேட் செய்ய முடிகிறதா? யானையை வைத்து 25 விநாடிக்குள்? ஸ்டேல்மேட்டில் (செக் இல்லாமலே நகர வழியற்றுப் போகும் டிராவில்) நழுவவிடாமல்?

அடுத்து, ஒரு பக்கம் யானையும் சிப்பாயும், மறுபக்கம் யானை மட்டும் இருக்கும் இரண்டு நிலைகள். பிலிடோர் தற்காப்பில் எதிராளி ராஜா உள்ளே வராதபடி உங்கள் யானை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையைக் காக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறியதும் யானை எதிர்க்கோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். லூசினா இதன் மறுபக்கம்: சிப்பாயை ஏழாவது வரிசையில் வைத்திருப்பவர் யானையை நான்காவது வரிசைக்கு ஏற்றிப் பாலம் கட்டித் தன் ராஜாவைச் செக்கிலிருந்து மறைப்பார். மந்திரி, குதிரை இரண்டையும் வைத்து மேட் செய்வதைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பிளிட்ஸுக்கு அது இப்போதைக்கு வேண்டாம், அந்த நிலை வருவதே அபூர்வம்.

கடைசிச் சோதனை, பரிமாற்றம். சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும்படி காய்களை மாற்றிக்கொள்ளுமுன் எண்ணிப் பார்த்தீர்களா? 2024 டிசம்பர் 12ஆம் தேதி, நம்ம செந்தோசாவில், உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில் நடந்தது இதே குடும்பத்துப் பிழை. டிராவை நோக்கிப் போன நிலையில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து யானைப் பரிமாற்றத்துக்கு வழிவிட்டார். எதிர்த்து ஆடிய குகேஷ் யானைகளை மாற்றினார், மந்திரியையும் மாற்றிக்கொள்ளும் கட்டாயத்தை உண்டாக்கினார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்கு வழியில்லை. அது மணிக்கணக்கில் ஆடும் ஆட்டம். மூன்று நிமிடத்தில் நாம் எத்தனை முறை இதைச் செய்திருப்போம்! உங்கள் 50இல் தேடிப் பாருங்கள், கட்டாயம் கிடைக்கும்.

9. ஒரே ஓட்டையைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது தாளில் ஆறேழு குறை இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தப் போகிறவர் மூன்றாம் நாள் பழைய வழிக்குத் திரும்பிவிடுவார். ஒவ்வொரு குறையும் எத்தனை புள்ளியைத் தின்றது என்று எழுதி, மேலே இருப்பதை மட்டும் நான்கு வாரத்துக்கு எடுங்கள்.

பாலிடெக்னிக் தம்பிக்குக் கொடுத்தது ஒரே வேலை: 20ஆவது நகர்வில் 110 விநாடி இருக்க வேண்டும், நகர்வு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. மூக்கு மந்தமாக இருப்பவருக்கு வேறு மருந்து. வேகப் புதிர்களை விட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு முறை 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடும் ஆட்டம் ஆட வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் "அவன் என்ன செய்யப் பார்க்கிறான்?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேகப் புதிரில் வெற்றி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், ஆட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை.

தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். நள்ளிரவுக்கு மேல் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று தொடங்கியவை உங்கள் தாளில் எப்படி முடிந்திருக்கின்றன என்று பார்த்தால் இதற்கு நான் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

10. மறு கணக்கு

நான்கு வாரம் கழித்து அடுத்த 50 ஆட்டங்களை அதே முறையில் எடுங்கள். ரேட்டிங்கை வைத்து அளக்காதீர்கள். சரிக்குச் சமமானவரோடு 50 ஆட்டம் ஆடினால் 25 வெற்றி என்று எதிர்பார்ப்போம். வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அது மூன்று, நாலு ஆட்டம் மேலோ கீழோ சாதாரணமாக ஆடும். 28 வெற்றி முன்னேற்றத்துக்குச் சான்றல்ல, 22 வெற்றி வீழ்ச்சிக்கும் சான்றல்ல.

நீங்கள் எடுத்துக்கொண்ட ஓட்டையின் எண்ணை மட்டும் பாருங்கள். தம்பிக்கு 20ஆவது நகர்வில் மீதி நேரம் முன்பு 80ஐச் சுற்றி இருந்தது, இப்போது 105. ரேட்டிங் அன்றைக்கு ஏறவில்லை, பத்துப் புள்ளி இறங்கித்தான் இருந்தது. முகம் வாடியது. நேரம் தீர்ந்த கூடையில் எட்டுக்குப் பதில் மூன்று என்று காட்டியதும் நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அடுத்த ஓட்டை எது அண்ணே?" என்றார்.

ராணியைப் பரிமாறாமல் ஓடுவது. அதை எழுதிக்கொடுத்து அனுப்பினோம்.